பூந்தியின் வழுக்கை வயிறு

ஆலங்குடி
10.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பிரகதா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. நான் நலமாக இல்லை, பூந்தியும் நலமாக இல்லை. ஷார்ஜாவில் நீங்களாவது நலமாக இருங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இதைக் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹாலில் எழுதினால் "என்ன எழுதுற?" என்று சுவர் கேட்கும்.

பூனைக்கு வயிற்றில் முடியே இல்லை. தொடை இடுக்கிலும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து நக்குகிறது. தோல் சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகிவிட்டது. நீங்கள் வேப்பெண்ணெய் தடவச் சொன்னீர்கள், தடவினேன். அதையும் நக்கித் தின்று, வாயில் நுரை தள்ளி, ஒருநாள் முழுக்கச் சுருண்டு கிடந்தது. கட்டைப்பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டு உங்களுக்குச் சேர வேண்டியது.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தோலைச் சுரண்டிப் பரிசோதித்தார். பேன் இல்லை, சொறி இல்லை, படை இல்லை. இருந்தாலும் உண்ணிக்கு மருந்து விட்டு, சாப்பாட்டையும் மாற்றி ஒரு மாதம் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை. போன வாரம் கேட்டார், "இது உதிர்ந்த முடி இல்லம்மா, அதுவே நக்கி நக்கி அறுத்திருக்கு. வீட்டுல புதுசா எதாச்சும் வந்துச்சா? ஆளு, நாயி, வேற பூனை?"

ஒன்றும் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. டிசம்பரில் நீங்கள் ஆள் அனுப்பி ஹாலில் மாட்டிய கேமரா வந்திருக்கிறது.

முதல் தடவை அதிலிருந்து உங்கள் குரல் வந்தபோது பூந்தி என்ன செய்தது தெரியுமா? உங்களைத் தேடியது. விராலிமலை பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்து கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்த ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று இரண்டு நாள் தேடியது. பிறகு நீங்கள் கத்த ஆரம்பித்தீர்கள். இப்போது அந்தக் குரல் கேட்டாலே பரண்மேல் பாய்கிறது, அங்கே உட்கார்ந்து வயிற்றை நக்குகிறது. டாக்டரம்மா சொன்னார், "நமக்கு மனசு சரியில்லன்னா நகத்தக் கடிக்கிறோம்ல, அது மாதிரித்தான்."

ஒருநாள் நான் ஒயரைப் பிடுங்கினேன். பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுச் சோலையப்பன் அண்ணன் வாசலில் நிற்கிறார். "தம்பி போன் பண்ணுச்சு, வீட்டுல கரண்டு இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னுச்சு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆளை விட்டு அந்தக் கேமராவைக் கழற்றச் சொல்லுங்கள். பூனைக்காகக் கேட்கிறேன் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிரகதாம்பாள்


ஷார்ஜா
24.2.2025

பிரகதாவுக்கு நாகராசு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினவள் என்று உன் அப்பா சொன்னார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பூனையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, பழி கேமரா மேல்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துபோச்சா? கன்ட்ரோல் ரூமில் பன்னிரண்டு மணி நேரம் பதினாறு திரையைக் கண் சிமிட்டாமல் பார்க்கிறவன். ஒருவன் கடைக்குள் நுழைகிற நடையை வைத்தே எடுக்க வந்தவனா வாங்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன். தனியாக ஒரு பொம்பளை இருக்கிற வீட்டுக்குக் கேமரா போட்டதற்கு ஊரில் எந்தப் பெண்டாட்டியும் கோபப்பட மாட்டாள். உனக்குத்தான் குத்துகிறது. ஏன் குத்துகிறது என்று நான் கேட்டால் அதற்கு ஒரு கடிதம் எழுதுவாய்.

பூந்தியை நானும்தான் பார்க்கிறேன். உன்னைவிட நன்றாகவே பார்க்கிறேன். டியூட்டியில் எழுதுகிற மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டு. 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, எனக்கு லீவு நாள், இந்திய நேரம்:

காலை 10.20 முதல் 10.50 வரை நக்கியது.
மதியம் 1.15 முதல் 1.40 வரை நக்கியது.
மாலை 4.05 முதல் 4.45 வரை நக்கியது. நடுவில் நிறுத்தவே இல்லை.

மற்ற நேரமெல்லாம் தூங்கியது. இது அரிப்பு இல்லாமல் வேறென்ன? டாக்டரை மாற்று. புதுக்கோட்டைக்குக் கொண்டு போ. காசைப் பற்றிக் கவலைப்படாதே.

கேமரா இருக்கும்.

நாகராசு


ஆலங்குடி
9.3.2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு தடவை கோபத்தில் படித்தேன், மூன்றாம் தடவை அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டு படித்தேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காவ்யா கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள், அவள் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான். பத்தே கால் மணிக்குச் சுவர் கத்தியது: "எவன்டா அது வாசல்ல?" அந்தப் பெண் துணியைச் சுருட்டிக்கொண்டு போனவள்தான். பட்டு ரவிக்கை இப்போது வேறு டெய்லரிடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, உங்கள் கணக்குப்படி 10.20.

ஒரு மணி பத்துக்கு: "மணி ஒண்ணாச்சு, இன்னும் திங்கலயா? யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்க?" ஐந்து நிமிடம் கழித்து 1.15.

நாலு மணிக்கு நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஆளே இல்லை, பூந்தி மட்டும் மெஷின்மேல் படுத்திருந்தது. "எங்க போய்த் தொலஞ்ச? இருபது நிமிசமா ஆளக் காணோம்" என்று நீங்கள் போட்ட சத்தம் கொல்லை வரை கேட்டது. அந்தச் சத்தத்தை முழுதாக வாங்கிக்கொண்டது அந்த ஒரு உயிர்தான். 4.05 முதல் நாற்பது நிமிடம்.

நீங்கள் எழுதிய நேரமெல்லாம் சரி மச்சான். நீங்கள் பேசிய நேரத்தைத்தான் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இரண்டையும் சேர்த்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அப்படிக் கொடுத்தது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் ரவிக்கை தைக்கிறவள். அளவு எடுக்க ஒரு பெண் மாராப்பை விலக்கித்தான் நிற்க வேண்டும். அதற்கு வீட்டில் வெளிச்சம் உள்ள இடம் ஹால் ஒன்றுதான். அங்கே ஒரு கண் இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த மாதம் எனக்கு வந்தது இரண்டு தலையணை உறை. நீங்கள் பார்த்தீர்களா பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் எனக்குக் கூசுகிறது.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருசம். அதில் நீங்கள் இங்கே இருந்தது எட்டு மாதம். மிச்ச நாளெல்லாம் என்னை எது காவல் காத்தது என்று நினைக்கிறீர்கள்?

பிரகதாம்பாள்


ஷார்ஜா
25.3.2025

பிரகதா,

கேமராவில் பதிவானதை நானும் போனில் ஓட்டி நேரத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். அதற்குமேல் என்னை எழுதச் சொல்லாதே.

இங்கே ஆறு பேர் ஒரு அறை. நான் டியூட்டி முடித்து வந்து படுத்தால் கண்ணுக்குள் அந்தப் பதினாறு திரையும் ஓடும். நம் வீட்டைப் பார்த்தால்தான் தூக்கம் வரும். நீ கண்ணில் படாவிட்டால் எனக்கு என்னென்னவோ தோன்றும். அதைக் கோபம் என்று நீ எடுத்துக்கொள்கிறாய்.

போகட்டும். விராலிமலை முருகன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இனிமேல் நான் அந்தக் கேமராவைப் பார்க்க மாட்டேன், அதில் பேச மாட்டேன். ஆனால் கழற்றாதே. திருட்டுப் பயம் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நீ நிம்மதியாகத் தை. பூந்திக்கு நெத்திலி வாங்கிக் கொடு, நான் கொடுத்ததாகச் சொல்.

நாகராசு


ஆலங்குடி
28.4.2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பூந்திக்கு நெத்திலி போட்டேன். நீங்கள் கொடுத்ததாகவே சொன்னேன். இரண்டு வாரம் வீடு வீடாக இருந்தது. வயிற்றில் வெல்வெட் துணி மாதிரி முடி முளைத்தது. நாலு பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். "அந்தக் கேமரா?" என்று கேட்டவர்களிடம், "அவுக பாக்குறதில்ல, சாமி மேல சத்தியம் பண்ணிருக்காக" என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்து நாளாகப் பூந்தி மறுபடி நக்குகிறது. முளைத்த முடி போய்விட்டது.

குரல் வரவில்லையே, பிறகு எதற்கு என்று புரியாமல் ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று தலையைத் தூக்கியது. காது இரண்டும் கேமரா பக்கம் திரும்பின. நானும் நிமிர்ந்து பார்த்தேன். கேமரா மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து அடுப்படி வாசலுக்கு. எனக்குக் கேட்காத சின்னச் சத்தம் அதற்குக் கேட்கிறது. அது திரும்பினால் அடுத்துக் கத்தல் வரும் என்று மூன்று மாதத்தில் நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

யாரும் திருப்பாமல் கேமரா தானாகத் திரும்புமா மச்சான்? முருகன் பெயரையா பொய்க்கு இழுத்தீர்கள்?

பிரகதாம்பாள்


ஷார்ஜா
8.5.2025

பிரகதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று டியூட்டியில் சாப்பிடவில்லை. சூப்பர்வைசர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். வீட்டில் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

சத்தியம் பண்ணின நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. என் போனில் அந்த ஆப்பே இல்லை, அழித்துவிட்டேன். நம் ஊர் சவரியப்பன் இதே அறையில்தான் இருக்கிறான், அவன் ஜூனில் வருவான், அவனைக் கேள். நான் பார்த்திருந்தால் என் கண் அவிந்து போகட்டும்.

பூனை காதைத் திருப்பியதாம், அதனால் புருஷன் பொய்யனாம். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நீ மன்னிப்புக் கேட்டு எழுதும்வரை நான் எழுதப் போவதில்லை.

நாகராசு


ஆலங்குடி
27.5.2025

நாகராசு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். கண் அவிந்து போகட்டும் என்று எழுதிய மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு. இரண்டு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க எடுத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை உங்கள் அக்கா அழகம்மாள் விராலிமலையிலிருந்து பேரப் பிள்ளைகளோடு வந்தார். காப்பி கொடுத்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "ஏன்டி, புதங்கெழம மத்தியானம் மெஷினுல தலயக் கவுத்துக்கிட்டு அழுதியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

உங்களுக்கெப்படித் தெரியும் என்றேன். அவருக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை, பாவம். "தம்பி பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிருச்சாம்ல. நான்தான் பாக்க முடியாது, நீயாச்சும் ஒரு பார்வ பாத்துக்கிட்டுச் சேதி சொல்லுக்கான்னு கேமராக்காரன விட்டு என் போனுல போட்டுக் குடுத்துச்சு. நான் எங்க பாக்குறேன், புள்ளைகதான் அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பூனையத் தேடி வெளாடுதுக" என்றார்.

உங்கள் சத்தியம் பொய்யில்லை. நீங்கள் பார்க்கவில்லை. சாமியையே ஏமாற்றுகிற அளவுக்குப் படித்திருக்கிறீர்கள். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. பொய் சொல்கிறவனுக்கு அது தப்பு என்றாவது தெரியும்.

என் வாக்கை நம்பி நாலு பெண்கள் அந்த ஹாலில் நின்றார்கள். நாலு பேர் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், நான் சொன்னது தப்பு, நீங்கள் நின்றபோது ஒரு போனில் தெரிந்திருக்கிறது என்று சொன்னேன். ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள். ஒருத்தி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நீங்கள் செய்த காரியத்துக்குத் தலைகுனிந்து நின்றது நான்.

நேற்று மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டேன். என் புடவைகள், தையல் சாமான், பூந்தி. வேறெதையும் எடுக்கவில்லை. சாவி சோலையப்பன் அண்ணனிடம் இருக்கிறது. போகும் இடத்தை யாரிடமும் சொல்லவில்லை, தெருத் தெருவாக விசாரித்து என்னை இன்னும் சிறுமைப்படுத்தாதீர்கள். மன்னிப்புக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பிரகதாம்பாள்


ஷார்ஜா
15.6.2025

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவளுக்கு,

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். நம் தபால்காரருக்குத் தெரியாத இடம் ஆலங்குடியில் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று சோலையப்பனுக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசினேன், அக்காவைப் பேசினேன், உன் அப்பாவைப் பேசினேன். உன்னைப் பேச நீ கிடைக்கவில்லை. ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

சத்தியத்தை உடைத்துவிட்டேன். அந்த ஆப்பை மறுபடி போட்டு வீட்டைப் பார்த்தேன். நீ உண்மையிலேயே போய்விட்டாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஹால் காலியாக இருந்தது. மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. ஏதாவது அசைகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு பூந்தி என்று கூப்பிட்டேன். உரக்கத்தான் கூப்பிட்டேன், இங்கிருந்து பேசினால் கேட்குமோ கேட்காதோ என்று எப்போதும் உரக்கத்தான் பேசுவேன்.

ஆள் இல்லாத வீடு அல்லவா, சுவரில் பட்டு என் சத்தம் அந்தக் கேமரா வழியாகவே என் காதுக்குத் திரும்பி வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் திடுக்கிட்டுப் போனை நழுவவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த சவரியப்பன் எழுந்து "யாருடா அது?" என்றான். யாரோ வீட்டுக்குள் நின்று மிரட்டுகிற குரல் அது. என் குரல் அப்படித்தான் இருந்ததா பிரகதா? மூன்று மாதமும் அப்படித்தான் கேட்டதா?

இன்று காலை கேமராக்காரனுக்குச் சொல்லி அதைக் கழற்ற வைத்துவிட்டேன். அக்கா போனிலும் எடுத்தாச்சு. திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பூந்தியின் வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. அதைப் பார்க்க எனக்கு இனி வழி இல்லை, நீ சொன்னால்தான் உண்டு.

நாகராசு


20.7.2025

நாகராசு அவர்களுக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எங்கிருக்கிறேன் என்று அவர் சொல்ல மாட்டார், நானும் சொல்லப் போவதில்லை.

உங்கள் கேள்விக்கு ஆம். அப்படித்தான் கேட்டது.

பூந்திக்கு முடி முழுக்க வளர்ந்துவிட்டது. புண் இருந்த இடம் தேடினாலும் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறது, மெஷின் ஓடும்போது பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. தெருவில் எவனாவது சத்தம் போட்டால் மட்டும் இன்னும் பரணைத் தேடுகிறது. இந்த அறையில் பரண் இல்லை, அதனால் என் மடிக்கு வருகிறது. எனக்கும் அப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், நான் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

கேமராவைக் கழற்றியது நல்லது. அதை நான் பிப்ரவரியில் கேட்டேன்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறினால் நான் எழுதுவேன். ஆறாவிட்டால் வக்கீல் எழுதுவார்.

பிரகதாம்பாள்